சூசையம்மா குடிக்க மறுத்த மாத்திரை

செய்தி வந்தபோது மணி பதினொன்று இருபது. சூசையம்மா கண்டியில் பல் டாக்டரின் அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருந்தாள். தாடைக்குள் குறுக்கே படுத்துக்கிடந்த கடைவாய்ப் பல்லை வெட்டி எடுத்து, மூன்று தையல் போட்டு, பஞ்சைக் கடித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மகள் றொசானா கைபேசியைக் காதில் வைத்தபடி எழுந்து நின்றாள்.

"அம்மா, நாவலப்பிட்டியிலருந்து பேசுறாங்க. லூக்காஸ் மாமா போயிட்டாராம். காலையில தேத்தண்ணி குடிச்சிட்டு கதிரையில சாஞ்சவருதானாம்."

ஒரே அண்ணன். ஓவென்று அழ வேண்டிய இடம். ஆனால் பாதி முகம் மரத்துக் கிடந்தது. வாய் நிறையப் பஞ்சு. சூசையம்மா சேலைத் தலைப்பால் முகத்தைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில், கொழுந்து பறிக்கப் போன தாய்மாரின் குழந்தைகளைத் தாலாட்டித் தூங்கவைத்தவள் அவள். லயத்து வரிசை வீடுகளில் எதில் சாவு விழுந்தாலும் செபமாலையை முன்னின்று சொன்னதும் அதே குரல்தான். மகளோடு குண்டசாலைக்கு வந்த பிறகும் ஆள் அனுப்பிக் கூட்டிப்போவார்கள். லூக்காஸ் அடிக்கடி சொல்வான்: "என் சாவுக்கு நீதான் சொல்லணும் சூசை. வேற எவளாச்சும் ராகம் இழுத்தா பெட்டியிலருந்து எந்திரிச்சு உக்காந்துக்குவேன்."

பிரேதத்தைப் பதப்படுத்தும் மலர்ச்சாலையிலிருந்து பெட்டி நாலு மணிக்கு வீட்டுக்கு வரும், ஐந்துக்குச் செபமாலை. இந்த வாயை வைத்துக்கொண்டு எப்படி?

மரத்துப்போனது தெளியும் முன்பே முதல் மாத்திரையைக் குடித்துவிட வேண்டும், வலி ஏறிவிட்டால் இறக்குவது சிரமம் என்று டாக்டர் இரண்டு தடவை சொல்லியிருந்தார். தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற, சீக்கிரம் வேலை செய்கிற மாத்திரை. நாவலப்பிட்டி பஸ்ஸில் றொசானா பிளாஸ்டிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டாள். அது சீறிக்கொண்டு நுரைத்தது. சூசையம்மா கோப்பையைத் தள்ளினாள்.

"ஏம்மா?"

"மாமாவுக்கு," என்றாள் உதடு அசையாமல்.

றொசானாவுக்குப் புரிந்துவிட்டது. உத்தரிக்கிற ஸ்தலத்தில் வேகும் ஆத்துமாவுக்காக நம் வலியை ஒப்புக்கொடுப்பது. தவக்காலத்தில் உப்பில்லாமல் சாப்பிட்டு, செருப்பில்லாமல் நடந்து, அம்மா வருடா வருடம் செய்வதுதான். "இது முள்ளுக் குத்தினது இல்லம்மா, எலும்ப வெட்டியிருக்காங்க," என்று சொல்லிப் பார்த்தாள். பலனில்லை. கோப்பையிலிருந்ததை ஜன்னல் வழியே ஊற்றினாள்.

கம்பளையைத் தாண்டும்போது வலி வந்தது. முதலில் தாடையில், பிறகு காதில், பிறகு கண்ணுக்குப் பின்னால். நாவலப்பிட்டியில் இறங்கும்போது சூசையம்மாவின் கன்னம் பன் மாதிரி உப்பியிருந்தது.

ஐந்து மணிக்கு எல்லோரும் பாயில் முழந்தாளிட்டார்கள். அவள் பெட்டியின் தலைமாட்டில் இருந்து சிலுவை அடையாளம் போட்டு வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. மறுபடி முயன்றாள். பின்வரிசையில் பக்கத்து வீட்டு அனற் தொண்டையைச் செருமித் தயாரானாள்.

லூக்காஸின் மனைவி எழுந்து வந்து நாத்தனாரின் கையைப் பிடித்துச் சமைக்கிற குசினிக்குள் இழுத்துப்போனாள்.

"என்னடி செய்யிற நீ?"

றொசானா விஷயத்தைச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்தவள் அழுத முகத்தோடு சிரித்துவிட்டாள்.

"ஒரு பல்லுவலிக்கு லயத்தையே எழுப்பி உக்காரவச்ச மனுசன்டி ஒங்கண்ணன். அவருகிட்டப் போயி வலியக் குடுக்கிறேங்கிற. வாங்குவாரா அவரு? செபமால சொல்லுன்னுதானே கேட்டாரு? கேட்டதக் குடு."

"மதினி, ஒப்புக்குடுத்ததத் திருப்பி..."

"பகல் பூரா பட்டுட்டியே, அது போதும் அவருக்கு. றொசானா, அந்த மாத்திரையக் கரை. இவ குடிக்கலன்னா அங்க அனற் ஆரம்பிச்சிருவா. அப்புறம் அவரு எந்திரிச்சா நான் பொறுப்பில்ல."

சூசையம்மா கோப்பையைக் கையில் வாங்கினாள். நுரை அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரே மூச்சில் குடித்தாள். மதினி முன்னறைக்குப் போய் எல்லோரையும் காத்திருக்கச் சொன்னாள். சூசையம்மா இருபது நிமிடம் குசினி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணுக்குப் பின்னால் குத்தியது முதலில் விலகியது. பிறகு காது திறந்தது. தாடை மட்டும் கனத்துக் கிடந்தது.

முன்னறைக்குப் போய் முழந்தாளிட்டாள். வாயைப் பெரிதாகத் திறக்காமல், பிள்ளைமடுவத்தில் தூங்கும் குழந்தைக்குப் பாடுகிற தணிந்த குரலில் தொடங்கினாள். அவள் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகப் பின்வரிசைப் பெண்கள் முன்னே நகர்ந்து வந்தார்கள். வாசலில் கதிரை போட்டுப் பேசிக்கொண்டிருந்த ஆண்களும் எழுந்து உள்ளே வந்தார்கள். பத்துப் பத்து அருள்நிறை மந்திரமாக ஐந்து தடவை சொல்லும் செபமாலையில், மூன்றாவது பத்தில் அவளுக்கு அழுகையும் வந்தது, அழுதுகொண்டே சொன்னாள். மதினி அவள் முதுகில் கைவைத்தபடி பதில் சொன்னாள்.

ஐந்தாவது பத்தில் மூன்று அருள்நிறை மந்திரம் முடிந்திருந்தபோது செபிக்க வந்த பங்குச் சுவாமி குடையை மடக்கிக்கொண்டு வாசலில் ஏறினார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். மீதி ஏழும் இன்னும் சொல்லப்படவில்லை; சூசையம்மா நின்றபடியே நாலாவதைத் தொடங்கினாள்.