பின்னால் நீட்டிய கை

சிறுநீரக நோயாளிகளுக்கு நிதி திரட்ட, தஞ்சாவூர் நீச்சல் குளத்தில் மூன்று மணி நேரம் நீந்தினோம். பக்கத்துத் தடத்தில் நரைத்த மீசைக்காரர் ஒருவர். வலது கையால் மட்டுமே தண்ணீரைத் தள்ளினார். இடது கை பின்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்தபடியே வந்தது. வித்தை காட்டுகிறாரோ என்று எனக்கு எரிச்சல். சுவரோரம் மூச்சு வாங்க நின்றபோது கேட்டேவிட்டேன்.

"கைக்கு என்னங்க?"

"கை நல்லாத்தாங்க இருக்கு. கொள்ளிடத்துல வெள்ளம் வந்த அன்னிக்கு, தம்பி பின்னாடியே வர்றான்னு நெனச்சு, ரெண்டு கையாலயும் நீந்திக் கரையேறிட்டேன்."

சொல்லிவிட்டு மறுபடி நீந்தப் போனார்.

நேரம் முடிந்து எல்லோரும் கைதட்ட, அவர் ஏணியில் ஏறினார். இடது கை மட்டும் கடைசிவரை தண்ணீருக்குள்ளேயே இருந்தது.