அத்தான் எடுத்த பூநாரைப் படங்கள்

அக்கா வீட்டு முன்னறைச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு சிறுத்தை இருந்தது. வில்பத்துக் காட்டின் மணல் வழியில், ஜீப்புக்கு முதுகைக் காட்டியபடி, வாலைக் கொஞ்சம் உயர்த்தி நடந்துபோகும் சிறுத்தை. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும், "முகத்தை எடுக்கேல்லையோ?" என்று கேட்பார்கள். "அது திரும்பிப் பாக்கேல்லை" என்பார் அத்தான். அதற்குமேல் விளக்கம் சொல்லமாட்டார்.

அத்தான், என் அக்காவின் கணவர். அநுராதபுரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் வரைபடம் கீறும் வேலை. அக்காவும் மகளும் எங்கள் ஊர் கோப்பாயில் இருந்தார்கள். நாலு நாள் லீவு கிடைத்தால் இரண்டு நாளைக் காட்டில் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வீட்டுக்கு வருவார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் உயிர் தப்பி வந்து சேர்ந்தபோது அவருடைய தோளில் கமராப் பை மட்டும் இருந்தது. அக்கா அவரைக் கட்டிப்பிடித்து அழுது முடித்துவிட்டு, "உடுப்புப் பெட்டியை விட்டிட்டு உதையோ தூக்கிக்கொண்டு வந்தனீங்கள்?" என்று கேட்டாள். அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவருக்குக் காடு இல்லை. முதல் இரண்டு வருடம் கமரா அலுமாரியிலேயே கிடந்தது. ஒரு மார்கழி விடியலில் யாரையோ பார்க்கக் கைதடிப் பக்கம் சைக்கிளில் போனவர், உச்சி வெயிலில் சேறு படிந்த காற்சட்டையோடு திரும்பி வந்தார். கோப்பாயையும் கைதடியையும் பிரிக்கும் உப்புத் தண்ணீர் தேங்கும் தரவை வெளியில் பூநாரைகள் வந்து இறங்கியிருந்தன. "பத்து நிமிசத்திலை இருக்குது பிள்ளை. இவ்வளவு நாளும் நான் பாக்கேல்லை" என்று என்னிடம் சொன்னார். ஏதோ தப்புச் செய்தவர் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

நான் அப்போது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் அவரோடு போகத் தொடங்கினேன். அவர் சேற்றில் குப்புறப் படுத்திருப்பார்; நான் கரையில் நின்று பறவைகளை எண்ணிக் கொப்பியில் எழுதுவேன். அருகே போக அவர் அவசரப்பட்டதில்லை. முழங்கையால் ஒரு சாண் நகர்ந்து, கால் மணி நேரம் கிடந்து, பிறகு இன்னொரு சாண். பறவைகள் கழுத்தை நிமிர்த்தினால் அப்படியே உறைந்துவிடுவார். பெரும்பாலும் படம் எடுக்காமலே எழும்பி வருவார். வெளிச்சம் சரியில்லை என்பார். படம் எடுத்த நாளிலும் முகத்தில் பெரிய மகிழ்ச்சி இருக்காது.

தொண்ணூறுக்குப் பிறகு, பொருளாதாரத் தடையால் சவர்க்காரமே அருமையாகிவிட்ட ஊருக்குப் பிலிம் எங்கேயிருந்து வரும்? பற்றரியும் இல்லை, மண்ணெண்ணெயும் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஓர் உறவுக்காரர் பால்மா ரின்னுக்குள் புதைத்துக் கொண்டுவந்த ஒரு பிலிம் சுருள்தான் அவருடைய கடைசிச் சொத்து. முப்பத்தாறு படம். அதை அவர் மூன்று மாரிகாலம் வைத்து எடுத்தார். அந்த மூன்று வருடத்தில் அக்காவின் மூத்தவள் பெரியபிள்ளையானாள். சின்னவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினான். வானத்தில் குண்டுவிமான இரைச்சல் கேட்டால் பங்கர்க் குழிக்குள் ஓடுவதும், ஏறி வந்து அடுப்பை மறுபடி மூட்டுவதுமாக அக்கா கிடந்தாள். அவளுக்கு எல்லாவற்றிலும் அலுப்பு. அத்தான் விடியலில் சைக்கிளை உருட்டும் சத்தம் கேட்டால் மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவாள்.

கடைசிப் படத்தை எடுத்துக்கொண்டு திரும்பிய அன்று, தெருவில் வைத்து அவரை இயக்கப் பொடியள் மறித்தார்கள். சண்டைக் காலத்தில் தண்ணீர்க் கரையில் கமராவோடு திரிகிற மனிதனை யார்தான் சந்தேகிக்கமாட்டார்கள்? அன்று வெள்ளிக்கிழமை, நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பத்து மணியளவில் தோளில் துவக்குகளோடு அவர்களில் இரண்டு பேர் வகுப்புக்கு வந்தார்கள். மூத்தவனுக்கு இருபது வயதிருக்கும். மரியாதையாகத்தான் கேட்டான்.

"ரீச்சர், உவரோடை நீங்களும் தரவைக்குப் போறனீங்களோ?"

"இல்லை."

"உந்தப் படங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளுக்கெண்டு சொல்லுறார்."

"எனக்குத் தெரியாது."

மேசையில் என் கொப்பி கிடந்தது. திகதிவாரியாகப் பூநாரைகளின் எண்ணிக்கை, என் கையெழுத்தில். நான் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போனார்கள். நான் திரும்பிக் கரும்பலகையில் பாதியில் விட்டிருந்த தவளையின் இதயத்தைக் கீறி முடித்தேன்.

ஒன்பது நாள் அத்தான் வரவில்லை. அக்கா ஒவ்வொரு நாளும் சோற்றுப் பார்சலோடு அவர்களுடைய முகாம் வாசலுக்குப் போனாள். நான் கூடப் போனேன். "இஞ்சை அப்பிடி ஒருத்தரும் இல்லை அம்மா" என்று வாசலில் நின்றவன் ஒவ்வொரு நாளும் ஒரே குரலில் சொன்னான். திரும்பி வரும் வழியில் பார்சலை மாடுகளுக்கு அவிழ்த்துப் போடுவோம். "நீ போய் ஒருக்காச் சொல்லன், படிப்பிக்கத்தான் எடுத்தவர் எண்டு. ரீச்சர் சொன்னால் கேப்பாங்கள்" என்று அக்கா மூன்றாம் நாள் கேட்டாள். "சொன்னனான்" என்று பொய் சொன்னேன்.

பத்தாம் நாள் மத்தியானம் அவர் நடந்து வந்தார். மெலிந்திருந்தார். அவர்கள் கமராவையும் சைக்கிளையும் திருப்பிக் கொடுக்கவில்லை. கையில் ஒரு காகித உறை மட்டும். சந்தேகத்தில் அவர்களே பிலிமைக் கழுவிப் படம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். "எல்லாம் பறவைதான் அண்ணை. நீங்கள் ஆக்களை எடுக்கிறேல்லையோ?" என்று கேட்டுவிட்டுப் போக விட்டார்களாம்.

அக்கா படங்களை மடியில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கறுப்பு வெள்ளையில், நீரில் கால்கள், வளைந்த கழுத்துகள், ஒருசேரத் திரும்பிய தலைகள். அழகான படங்கள். முப்பத்தாறையும் பார்த்து முடித்து, ஒழுங்காக அடுக்கி, "ஒண்டிலைகூட என்ரை பிள்ளையள் இல்லை" என்றாள். சத்தம் போடவில்லை. அத்தான் படங்களை வாங்கி உறைக்குள் போட்டார். அதற்குப் பிறகு அவர் தரவைக்குப் போகவே இல்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கியபோது ஊரோடு ஊராக நாங்கள் வெளிக்கிட்டது அந்தத் தரவை வழியாகத்தான். மழை. பாதை முழுக்கச் சனம். ஓர் அடி வைக்க ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருந்தது. அக்கா சின்னவனைப் பிடித்துக்கொண்டு முன்னே போனாள். மூத்தவள் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தாள். நானும் அத்தானும் ஓர் அரிசிச் சாக்கை ஆளுக்கொரு மூலையில் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றோம். விடிந்து வெளிச்சம் வந்தபோது எனக்கு அதற்குமேல் மறைக்க முடியவில்லை.

"அத்தான், அண்டைக்கு அவங்கள் வந்து கேட்டவங்கள். நான் உங்களோடை வாறேல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

அவர் சாக்கை மற்றக் கைக்கு மாற்றினார்.

"தெரியும் பிள்ளை. அண்டைக்கே எனக்குச் சொன்னவங்கள்."

"பிறகேன் ஒண்டும் கேக்கேல்லை?"

"என்னத்தைக் கேக்கிறது? நீ ஓமெண்டிருந்தால் உன்னையும் கொண்டுபோயிருப்பாங்கள். அக்கா தனிச்சுப் போயிருப்பாள்." முகத்தில் வழிந்த மழையைத் துடைத்தார். "அவளுக்குச் சொல்லாதை. அவளுக்கு இருக்கிற கஷ்டமே காணும்."

முன்னால் சனம் நகர்ந்தது. நாங்களும் இரண்டடி வைத்தோம். அவர் திரும்பி வந்த நாளிலிருந்து அந்த வாசல் சோற்றுப் பார்சல்களைப் பற்றியும், நான் போய்ச் சொன்னதைப் பற்றியும் அக்கா எத்தனை தரம் கதைத்திருப்பாள். அத்தனை தரமும் என்னை வைத்துக்கொண்டு இவர் பேசாமல் கேட்டிருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அத்தான் இப்போது இல்லை. அந்தப் பாதையில் இன்று மாரிகாலம் வந்தால் வான்கள் நிற்கின்றன. நீளக் குழாய்க் கமராக்களோடு இளைஞர்கள் இறங்கி, ஒரு நிமிடத்தில் நூறு படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள். ஓய்வூதியம் எடுக்கப் போகும் நான் பஸ்ஸுக்குள்ளிருந்து பார்ப்பேன். எண்ணுவதில்லை. அக்காவுக்கு எண்பது ஆகிறது. பின்னேரங்களில் பக்கத்தில் இருத்தி, "நீ சொன்னபடியால்தானே அவரை விட்டவங்கள்" என்று இன்றைக்கும் என் கையைத் தடவுகிறாள். நான் "ஓம் அக்கா" என்கிறேன்.