தவமணியக்கா நித்திரை கொண்ட பயிற்சிமுகாம்

ஃபெசிலிடேட்டர், அதாவது பயிற்சி நடத்திற ஆளின்ட வேலை, கலியாண வீட்டு கமராக்காரன்ட வேலை மாதிரித்தான்: மற்ற ஆக்களைச் சிரியுங்கோ, சிரியுங்கோ எண்டு கெஞ்சியே எங்கட வாய் கோணிப்போகும். உங்களில ஆராவது மார்க்கர் பேனையும் கையுமா ஒரு கூட்டம் பொம்பிளையளுக்கு முன்னால நிண்டு "இப்ப எல்லாரும் வட்டமா இருப்பம்" எண்டு சொல்லிப் பாத்திருந்தா, நான் பட்ட பாடு உங்களுக்கு விளங்கும். விளங்காதவை குடுத்துவைச்சவை.

எக்கவுண்டன்சி கோர்ஸைப் பாதியில விட்டிட்டு வெள்ளவத்தையில நான் றோட்டளந்து திரிஞ்ச காலம் அது. வடக்கில சண்டை மும்முரமா நடந்த காலமும் அதுதான். எனக்கு வாய் மட்டும் நல்லா ஓடும். அந்த வாயை நம்பி ஒரு சின்ன நிறுவனம் வேலை தந்தது. சொந்தமாத் தொழில் செய்யிற கொழும்புப் பொம்பிளையளைக் குருணாகல் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்து பங்களாவுக்குக் கூட்டிக்கொண்டு போய், மூண்டு நாள் தங்கவைச்சுப் பயிற்சி குடுக்கவேணும். கடைசி மட்டும் நிக்கிற ஆக்களுக்கு ஒரு பெரிய காஸ் அடுப்பு, இல்லாட்டித் தையல் மிஷின். நடுவில போனா வெறுங்கைதான்.

திறக்காத பை

வெள்ளவத்தையில கடைசியா பஸ் ஏறினது தவமணியக்கா. கடையளுக்கு இடியப்பம் அவிச்சுக் குடுக்கிறவ. யாழ்ப்பாணத்தில இருந்து வந்து, ஒரு மாடிவீட்டின்ட கீழ்ப்பகுதியில ஏ.எல். படிக்கிற ஒரே மகனோட வாடகைக்கு இருக்கிறா. மனிசன் இல்லை. அந்த காஸ் அடுப்பு கிடைச்சா விறகோட மல்லுக்கட்டத் தேவையில்லை எண்டுதான் பேர் குடுத்தவ. ஆனா பையை மடியிலயே இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருந்தா. களனிப் பாலத்துச் செக் பொயின்ற்றில எல்லாரையும் இறக்கி ஏத்தேக்கயும் விடேல்ல. பங்களாவுக்கு வந்தும் அதைத் திறக்கேல்ல.

"அக்கா, பையை அலுமாரியில வைங்கோவன். அது ஓடிப்போகாது" எண்டு பகிடி விட்டன்.

அவ என்னை வடிவாப் பாத்துச் சொன்னா: "பை ஓடாது தங்கச்சி. நான்தான் ஓடவேண்டி வரும்."

ஓய்வு எண்டால் என்ன

எங்கட நிகழ்ச்சிநிரலில ரெண்டாம் நாளுக்கு "காலை ஓய்வு" எண்டு அழகா எழுதியிருந்தம். கண் முழிச்சுப் பாத்தா அறையில ஒரு சீவன் இல்லை. சமையல்கட்டில திருவிழா. தவமணியக்கா இடியப்பம் பிழியிறா. கொட்டாஞ்சேனையில ரோல்ஸ் போட்டு விக்கிற மேரியக்கா மாவோட சண்டை பிடிக்கிறா. ஹெவ்லொக் டவுனில சாரி பிளவுஸ் தைக்கிற சரோ அன்ரி, அடுப்படியில வேலை கிடைக்காத கோவத்தில, பங்களாவின்ட திரைச்சீலையைக் கழட்டி ஓரம் அடிச்சுக்கொண்டிருக்கிறா. வருசக்கணக்கா இருட்டில எழும்பின ஆக்களுக்கு ஓய்வெடுக்கிறது எப்படியெண்டு ஆர் சொல்லிக் குடுத்தது?

பங்களாச் சமையல்காரி குசுமக்கா வழமைபோல வந்து வாசலிலயே நிண்டிட்டா. வேலை போயிட்டுது எண்டு நினைச்சிருப்பா. தவமணியக்கா அவவை இழுத்து வாங்கில இருத்தி, சூடா இடியப்பமும் சொதியும் கையில குடுத்தா. ரெண்டு பேருக்கும் பொதுப்பாஷை இல்லை. குசுமக்கா ஒரு வாய் சாப்பிட்டிட்டு என்னட்டச் சிங்களத்தில கேட்டா: "இஞ்ச எனக்கு ஒருத்தரும் சாப்பாடு போட்டதில்லை மகள். இந்த ஆக்களை ஒரு மாசம் வைச்சிருக்க ஏலாதா?"

கண்கட்டு

அடுத்தது நம்பிக்கை விளையாட்டு. ஒருத்தரின்ட கண்ணைத் துணியால கட்டி, மற்றவர் கையைப் பிடிச்சுத் தோட்டத்தைச் சுத்திக் காட்டவேணும். வெளிநாட்டில ஆரோ கண்டுபிடிச்ச விளையாட்டு. நான் துணியளை எடுத்து மேசையில பரப்பினன். தவமணியக்கா நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா.

மேரியக்கா ஒரு துணியைத் தூக்கி விரிச்சுப் பாத்தா. "என்னா பாப்பா, கண்ணக் கட்டிக் கூட்டிட்டுப் போற விளையாட்டா? இத எங்க ஒழுங்கைக்கு ஜீப்ல ஆளத் தூக்க வர்றவங்க வெளையாடுறாங்கம்மா."

ஒரு உதவி கேளுங்கோ

துணியளை குசுமக்காவுக்குக் கைப்பிடித் துணியாக் குடுத்திட்டு, நேரா அடுத்த பாடத்துக்குத் தாவினன்: "உதவி கேட்டுப் பழகுதல்." ஒவ்வொருத்தரும் இண்டைக்கே ஒரு ஆளிட்ட ஒரு உதவி கேக்கவேணும். மேரியக்கா எழும்பி, "நான் கேக்குற உதவி, இவவுக்கு ஒரு வழி சொல்லுங்க" எண்டு தவமணியக்காவைக் காட்டினா. "ராவெல்லாம் கதவோரம் கதிரையப் போட்டு ஒக்காந்திருந்தா. பேயோன்னு பயந்துட்டேன்."

அப்பதான் தவமணியக்கா வாயைத் திறந்தா. ராவில ஆமியும் பொலிஸும் செக்கிங் வந்து கதவைத் தட்டினா முதல் தட்டிலயே திறக்கவேணுமாம். பிந்தினா ஏன் பிந்தினது எண்டு கேட்டு மகனை ஏத்திக்கொண்டு போயிடுவாங்களாம். பொடியன் படுத்தா இடி விழுந்தாலும் எழும்பான். அதால ரெண்டு பேரின்ட ஐ.சி. எண்ட அடையாள அட்டையும், பொலிஸில பதிஞ்ச ரிப்போட்டும் மடியில வைச்சுக்கொண்டு கதவடியில குந்தியிருக்கிறதுதான் அவவின்ட நித்திரை. இப்ப வீட்டுக் கதவடியில ஆருமில்லை. "எனக்கு அடுப்பு வேண்டாம் தங்கச்சி. பின்னேர பஸ்ஸில என்னை ஏத்திவிடு" எண்டா.

நான் அவவுக்குப் பக்கத்தில போய்க் குந்தினன். "மேல்வீட்டில ஆரக்கா இருக்கினம்?" எண்டு கேட்டன். வீட்டுக்காரி, ரிட்டயரான சிங்கள ரீச்சராம். தனிய இருக்கிறாவாம். வாடகையைத் தவிர வேற ஒரு சொல் அவவோட கதைச்சதில்லையாம். சந்திக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ரெலிபோனைக் கையில குடுத்தன். தவமணியக்கா தனக்குத் தெரிஞ்ச முறிஞ்ச சிங்களத்தில, மகன், கதவு, இரவு எண்டு மூண்டு சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னா. அங்கால ரீச்சர் சிங்களத்தில போட்ட சத்தம் எனக்கே கேட்டுது: "நான் மேல சும்மா முழிச்சுத்தானே கிடக்கிறன். ஏன் பிள்ளை இவ்வளவு காலமும் கேக்கேல்ல?"

சத்தமில்லாத கொஸ்டிங்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஸ்டிங், செலவுக் கணக்குப் பாடம். ஒரு ரோல்ஸுக்கு அசல் என்ன, அதுக்கு மேல என்ன விலை வைக்கலாம் எண்டு நான் தொடங்கி ரெண்டு வசனம் முடியேல்ல, பாயில இருந்த தவமணியக்கா அப்படியே சரிஞ்சா. நான் பதறிப்போனன். மேரியக்கா மூக்கடியில கை வைச்சுப் பாத்திட்டு, "தூங்குறா" எண்டா. பிறகு குறட்டை வந்துது. சும்மா குறட்டையில்லை, வருசக்கணக்கில சேத்துவைச்ச குறட்டை.

ஒருத்தரும் எழுப்ப விடேல்ல. சரோ அன்ரி பழைய பிளவுஸ் துணியளைச் சுருட்டித் தலைக்கு வைச்சா. நான் குசுகுசுத்துப் படிப்பிச்சன், அவை குசுகுசுத்துக் கேள்வி கேட்டினம். எண்ணெய் விலையைச் சேக்கிறதா விடுறதா எண்டு மேரியக்காவும் சரோ அன்ரியும் பெரிய சண்டை, அதுவும் குசுகுசுத்துத்தான். சத்தமில்லாமல் சண்டை பிடிக்கிற பொம்பிளையளை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

அந்த நேரம் பாத்துக் கொழும்பில இருந்து எங்கட மேடம் வந்து இறங்கினா. மேடத்தின்ட குதியுயர்ந்த சப்பாத்துச் சத்தம் கேட்டா ஒஃபிஸில மின்விசிறியும் நிண்டுபோகும். வாசலில வந்து பாத்தா: நடுவில ஒரு ஆள் குறட்டை, சுத்திவர மிச்சப்பேர் களவெடுக்க வந்த கூட்டம் மாதிரி. என்ட வேலை போச்சு எண்டு நினைச்சன். விரலை உதட்டில வைச்சுக் காட்டினன், வேற என்ன செய்யிறது? மேடம் எல்லாரையும், சார்ட் பேப்பரில நான் எழுதியிருந்த ரோல்ஸ் கணக்கையும் ஒருக்காப் பாத்தா. பிறகு சப்பாத்தைக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு, நுனிக்காலில வந்து எனக்குப் பக்கத்தில நிலத்தில இருந்து, காதுக்குள்ள கேட்டா: "எண்ணெயைச் சேத்தாச்சா, இல்லையா?"

வெள்ளவத்தை இறக்கம்

அண்டைக்குப் பின்னேர பஸ்ஸைப் பற்றித் தவமணியக்கா கேக்கவேயில்லை. கடைசி நாள் பஸ் வெள்ளவத்தையில நிண்டபோது, காஸ் அடுப்புப் பெட்டியை நானும் மேரியக்காவும் இறக்கினம். ஆனா அவ அடுப்பைப் பாக்கேல்ல. சனத்துக்குள்ள மகனைத் தேடினா. நெடுவலாய் ஒரு பொடியன், சிவந்த கண்ணோட வந்து நிண்டான். அவ அவன்ட முகத்தைத் தடவி, தோளைத் தடவி, கையைப் பிடிச்சுப் பாத்தா. "செக்கிங்குக்கு வந்தவங்களோ?" எண்டு மெதுவாக் கேட்டா.

"வந்தவங்கள். முதல் தட்டு முடிய முன்னமே ரீச்சர் திறந்திட்டா. சப்பாத்தோட ஏற விடேல்ல. ஒருத்தனை எந்தப் பள்ளிக்கூடம் எண்டு கேட்டு, அங்க கணக்குப் படிப்பிச்சது ஆர் எண்டும் கேட்டவ. கெதியா ஐ.சி.யைப் பாத்திட்டுப் போயிட்டாங்கள்."

தவமணியக்கா பஸ் கம்பியைப் பிடிச்சுக்கொண்டா. மேரியக்கா அடுத்த பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினா. நான் அடுப்புப் பெட்டியில எழுதியிருந்ததை ரெண்டு தரம் வாசிச்சன்.

பொடியனுக்கு இது ஒண்டும் விளங்கேல்ல, அவனுக்கு அவன்ட கவலை: "அவங்கள் தப்பிட்டாங்கள் அம்மா, மாட்டினது நான். முழிச்சுத்தானே இருக்கிறம் எண்டு விடியும்வரை எனக்குக் கணக்குப் படிப்பிச்சவ, இண்டைக்கும் வரட்டாம்!"

இவ்வளவு சார்ட் பேப்பரும் மார்க்கரும் செலவழிச்சு நாங்கள் கண்ட வெற்றி ஒரு மனிசி பட்டப்பகலில குறட்டை விட்டதுதான், அதைத் திட்ட அறிக்கையில எந்தத் தலைப்புக்குக் கீழ போடுறதெண்டு மேடத்துக்கும் தெரியேல்ல, எனக்கும் தெரியேல்ல.