கனத்துப் போன ஸ்டியரிங்

பிக்கப் வண்டியின் ஸ்டியரிங் கனத்துப் போய்விட்டது என்று ரைமோ கங்காஸ் முதலில் சொன்னது ஆகஸ்ட் மாதத்தில். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி அது. பனி உருகுவதற்காகச் சாலையில் கொட்டும் உப்பு கதவுகளின் அடிப்பாகத்தைத் தின்று தீர்த்திருந்தது. குளிர் நாளில் கிளப்பினால் பவர் ஸ்டியரிங் பம்ப் பசியெடுத்த கன்றுக்குட்டி மாதிரிக் கத்தும். அப்படிப்பட்ட வண்டியில் எது கனத்தால் என்ன, எது இளைத்தால் என்ன? ஆனால் அக்டோபர் முடிவதற்குள் ஒவ்வொரு திருப்பத்திலும் ரைமோ பல்லைக் கடிக்க வேண்டியதாகிவிட்டது. தபால் நிலையத்தின் முன்னால் வண்டியை நிறுத்துவதற்குள் முன்னும் பின்னுமாக அவர் பட்ட பாட்டைக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள், மனிதர் காலையிலேயே குடித்துவிட்டார் என்று முடிவு கட்டினார்கள்.

அமெரிக்காவின் வட கோடியில் இருக்கும் அந்த ஊரில், நவம்பர் பிறந்தால் சுப்பீரியர் ஏரியிலிருந்து பனி வந்து இறங்கும். அப்போது பிக்கப்பின் முன்னால் பெரிய இரும்புத் தகட்டை மாட்டிக்கொண்டு, தன் வீடு இருக்கும் சாலையில் எல்லா வீட்டு வாசல்களிலும் பனியைத் தள்ளிவிடுவது ரைமோவின் வேலை. யாரும் கேட்டுச் செய்கிற வேலை இல்லை. மாவட்டச் சாலைத் துறையில் பனி லாரி ஓட்டியே ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மற்றவர்கள் மீன் பிடிக்கப் போனார்கள். ரைமோ சொந்த வண்டியில், சொந்தப் பெட்ரோலில் மறுபடியும் பனி தள்ளப் போனார். பனி தள்ளாத ரைமோவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

இந்தக் குளிர்காலத்திலும் அந்த சீட்டில் உட்கார்ந்து தானே தள்ள வேண்டும். அவருக்கு உலகத்தில் இன்னும் வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் வசந்த காலத்திலிருந்து ஒவ்வொன்றாக விட்டுப்போயிருந்தது. காபியின் ருசி போனது. மான் வேட்டைக்கு ஆள் சேர்க்கிற உற்சாகம் போனது. விஸ்கான்சினிலிருந்து மகள் போன் செய்து பேரன் பிறந்திருக்கிறான் என்றபோது, "நல்லது" என்றார். அவ்வளவுதான்.

"தபால்காரன் வந்துட்டுப் போனான்னு சொன்னாலும் இதே 'நல்லது'தான் சொல்வ," என்றாள் அவருடைய மனைவி ஐலா.

அவள் சொன்னது சரிதான் என்று அவருக்கே தெரிந்தது. வருத்தம் என்று சொல்ல முடியாது. வருத்தமாக இருந்தால்கூடத் தேவலை. உள்ளே எதையோ மரக்க வைத்து விட்டாற்போல, தொட்டால் தொட்டது தெரியவில்லை. விரல்களும் அவ்வப்போது மரத்துப்போயின. வயதாகிறது என்று அதை ஒதுக்கிவிட்டார். ஆகவே வண்டியில் ஒரு கோளாறு என்று வந்தபோது அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. கோளாறு என்றால் சரிசெய்யலாம்.

ஐலாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். பொழுது விடியாத காலைகளில், ரைமோ தன் லாரியால் பாதையை வகுந்துகொண்டு போக, பின்னால் அவள் பேருந்தைக் கொண்டு வருவாள். ஒரு நாள் அவர் வேகம் போதவில்லை என்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தாள். ரைமோ லாரியை நடுச்சாலையில் நிறுத்தி, இறங்கிப் போய்ச் சண்டை போட்டார். பேருந்திலிருந்த பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். மறு வருடம் கல்யாணம். அத்தனை பெரிய பேருந்தை மலைச்சாலையில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவளுக்கு, கணவரின் பிக்கப்பை மட்டும் ஒரு நாளும் தரவில்லை அவர். கேட்டால், "அதுக்கு என் கைதான் பழக்கம்," என்பார். அவளும் வீம்புக்காரி. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

எதிர்வீட்டு டெல்மர் ட்ருடெல் சனிக்கிழமை காலையிலேயே வந்து நின்றார். கொட்டகையில் பிக்கப்பின் முன்பக்கம் ஸ்டாண்டுகளின் மேல் உயர்ந்து நிற்க, அதன் வயிற்றுக்குக் கீழே ரைமோவின் பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"பூட்ஸுக்கு மேல ஆள் இருக்கா, இல்ல வெறும் பூட்ஸ்தானா?"

"வேலை இல்லாட்டி வீட்டுக்குப் போடா."

"டவுன்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கானே, அவன்கிட்ட விட்டா மத்தியானத்துக்குள்ள குடுத்துருவான். பனி விழுந்தா என் வாசல் என்னடா ஆகுறது? நானும் என் பொண்டாட்டியும் வசந்தம் வரைக்கும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துக்கிட்டு உள்ளயே கெடக்கணும்."

"பாவம் அவ," என்றது வண்டிக்கு அடியிலிருந்து குரல்.

டெல்மர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அந்தச் சிரிப்புக்குப் பதிலாக ரைமோவின் முகத்தில் ஒன்றும் வரவில்லை. வாய்தான் பழக்கத்தில் பேசியது.

வேலை ஒழுங்காகத்தான் நடந்தது. பெல்ட்டைக் கழற்றினார். பம்பின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி எடுக்கக் கூடாது. அதை இழுத்துக் கழற்றுவதற்கென்று திருகு வைத்த ஒரு கருவி உண்டு. உதிரிபாகக் கடையில் புதிய பம்பை வாங்கும்போது அதையும் இரவல் வாங்கி வந்திருந்தார். அதைத் திருகத் திருகச் சக்கரம் முனகிக்கொண்டே வெளியே வந்தது. குழாய்களை அவிழ்த்ததும் கறுத்துப்போன எண்ணெய் தட்டில் ஒழுகியது. பழைய பம்பை வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். உள்ளே சுழலும் தண்டு ஆடியது. 'நீதான்' என்று நினைத்துக்கொண்டார். குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி.

தகராறு புதிய பம்பை மாட்டிய பிறகு வந்தது. அழுத்தக் குழாயின் மரையைப் பம்பின் பின்பக்கத்தில் பிடிக்க வைக்க வேண்டும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது. வலது கை நுழைய வழியில்லை. இடது கையை விட்டு, விரலால் தடவித்தான் பிடிக்க வேண்டும். மரை நேராக ஏறுகிறதா, கோணிக்கொண்டு ஏறுகிறதா என்பது விரலுக்குத்தான் தெரியும். கோணி ஏறினால் புதிய பம்ப் பாழ். ரைமோ இதை எத்தனையோ வண்டிகளில் வேறு பேச்சுப் பேசிக்கொண்டே செய்தவர். இப்போது திருகுகிறார், திருகுகிறார், விரல் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறது. மரை பிடித்ததா, பிடிக்கவில்லையா? விரலில் இருப்பது இரும்பா, ரப்பரா? நெற்றி வியர்த்தது. கையை வெளியே எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் தோல் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கிழிந்ததும் தெரிந்திருக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஐலா காபியோடு வந்தாள்.

"என்ன ரத்தம்?"

"ஒண்ணுமில்ல. உன் கை சின்னது. இங்க விட்டு இந்த நட்டைப் பிடிச்சுக் குடு."

அவள் காபியை வைத்துவிட்டு, ஸ்வெட்டரின் கையைச் சுருட்டிக்கொண்டு எஞ்சினுக்குள் கையை விட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "பிடிச்சிருச்சு," என்றாள். "லேசா ஒரு கிளிக். உனக்குத் தெரியலையா இது?"

"குளிர்ல வெரச்சுப்போச்சு கை."

"குளிரா? ஜனவரில கையுறை இல்லாம டயருக்குச் சங்கிலி மாட்டினவன் நீ."

"அப்ப வயசு."

"எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"காபி ஆறிடும்," என்றார் ரைமோ. பிடி கொடுக்கவில்லை. அவளும் மேலே கேட்கவில்லை. ஆனால் அவர் கோப்பையை எந்தக் கையால் எடுக்கிறார் என்று பார்த்தாள்.

புதிய எண்ணெயை ஊற்றியாயிற்று. இனி உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியேற்ற வேண்டும். அது ஒற்றை ஆள் செய்கிற வேலை இல்லை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இந்தக் கோடி வரைக்கும் அந்தக் கோடி வரைக்கும் மெதுவாகத் திருப்ப வேண்டும். இன்னொருவர் எண்ணெய்க் குடுவையில் வரும் குமிழிகளைப் பார்த்துக்கொண்டே, குறையக் குறைய ஊற்ற வேண்டும்.

"ஏறி உக்காரு," என்றார் ரைமோ.

ஐலா கதவைத் திறந்து அந்த சீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "இதுல என்னை உக்கார வைக்க உனக்கு ஒரு பம்ப் செத்துப் போகணும், இல்ல?"

"ஓட்டச் சொல்லல. திருப்பத்தான் சொன்னேன்."

"சரி முதலாளி."

அவள் திருப்பினாள். இடது. வலது. மறுபடி இடது. குடுவையில் சிவப்பு எண்ணெய் நுரைத்துக்கொண்டு வந்தது. பெரிய குமிழிகள், பிறகு சின்னவை, பிறகு எப்போதாவது ஒன்று. ரைமோ ஊற்றிக்கொண்டே இருந்தார். "இன்னும்," என்பார். அவள் திருப்புவாள். "மெதுவா," என்பார். "பஸ்ஸுல நாப்பது பிள்ளைங்கள வச்சுக்கிட்டுத் திருப்பினவ நான், எனக்கு மெதுவா கத்துக் குடுக்குற," என்பாள். கடைசியில் குமிழி நின்றது. ஸ்டாண்டுகளை எடுத்து வண்டியைத் தரையில் இறக்கினார். சரளைக் கல்லின் மேல் டயர்கள் அமர்ந்தன.

"கிளப்பு."

எஞ்சின் கிளம்பியது. கன்றுக்குட்டியின் கத்தல் இல்லை. ரைமோ எஞ்சின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு காதைக் கொடுத்துக் கேட்டார். ஒரு முனகல்கூட இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு மனத்துக்குள் சந்தோஷம் மாதிரி ஏதோ ஒன்று எட்டிப் பார்த்தது. அதை அவர் நம்பவில்லை என்றாலும் விரட்டவும் இல்லை.

"இறங்கு," என்றார். "நான் பாக்குறேன்."

அவள் இறங்க, அவர் ஏறினார். வலது கை தானாகவே மடிக்குப் பக்கத்தில், பனித் தகட்டை ஏற்றி இறக்கும் லீவர் இருக்கும் இடத்துக்குப் போனது. பனி தள்ளுகிறவனுக்கு வலது கை எப்போதும் லீவரில். ஸ்டியரிங் முழுக்க இடது கையின் பொறுப்பு. ஆயுள் முழுவதும் அப்படித்தான் ஓட்டியிருந்தார். இடது கையால் பிடித்துத் திருப்பினார்.

கனத்தது.

மறுபடியும் திருப்பினார். பழைய கனம், அதே கனம். தோள் வரைக்கும் இழுத்துப் பிடித்தது. பாதித் திருப்பத்தில் கை நின்றுவிட்டது.

"பம்ப் சரியில்ல," என்றார். குரல் உயர்ந்தது. "பழசைத் துடைச்சுப் புதுசுன்னு குடுத்திருக்கான் கடைக்காரத் திருட்டுப்பய. திங்கக்கெழம அவன் மேஜை மேலயே தூக்கிப் போடுறேன் பாரு. இல்லன்னா கியர் பாக்ஸ். ஸ்டியரிங் கியர் பாக்ஸ்தான். அதையும் இறக்கிர வேண்டியதுதான்."

ஐலா திறந்திருந்த ஜன்னல் பக்கம் நின்றிருந்தாள். கையை உள்ளே நீட்டி, ஸ்டியரிங்கின் குறுக்குக் கம்பியில் ஆள்காட்டி விரலை வைத்தாள். திருப்பினாள். ஸ்டியரிங் ஓடியது. கீழே சரளைக் கல் நொறுங்க, இரண்டு டயர்களும் திரும்பின. அந்தப் பக்கக் கோடி வரைக்கும். பிறகு இந்தப் பக்கம். ஒற்றை விரல்.

பிறகு, செய்யக் கூடாததைச் செய்துவிட்டவள் போல விரலை எடுத்துக்கொண்டாள்.

ரைமோ ஸ்டியரிங்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வலது கையைக் கொண்டுவந்து திருப்பினார். எண்ணெயில் வழுக்குவது போலத் திரும்பியது. வலது கையை எடுத்துவிட்டு இடது கையை வைத்தார். கனம். ஆகஸ்டிலிருந்து அவர் வண்டி மேல் சொல்லிக்கொண்டிருந்த குற்றமெல்லாம் இப்போது அவருடைய தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"பம்ப் நல்ல பம்ப்தான்," என்றார்.

"ம்."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஜூன் மாசம் ரெண்டு கோப்பை கீழ போட்ட. ஜூலைல சட்டை பட்டனைக் கழட்டாம தலை வழியா மாட்ட ஆரம்பிச்ச. கேட்டா கடிச்சுக் குதறுவ. அதான் நீயா சொல்லட்டும்னு இருந்தேன். நீ என்னடான்னா பம்பை மாத்துற."

அவருக்குக் கோபம் வர வேண்டும். கோபத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. வேறொன்று வந்தது. இத்தனை மாதம் மரத்துக் கிடந்த இடமெல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு குத்தியது.

"பயமா இருக்கு, ஐலா."

"எனக்குந்தான்," என்றாள் அவள். "ஜூன் மாசத்துலேர்ந்து."

அவள் கதவைத் திறந்தாள். "நகரு," என்றாள்.

அவர் உடனே நகரவில்லை. இடது கையை வலது கையால் தூக்கி, குழந்தையை எடுத்து வைப்பது போல மடியில் வைத்துக்கொண்டார். பிறகு அந்த நீள சீட்டில் உட்கார்ந்தபடியே மறு பக்கத்துக்கு நகர்ந்தார். ஐலா ஏறினாள். சீட்டைக் கொஞ்சம் முன்னால் இழுத்தாள். கண்ணாடியைத் தனக்குத் தகுந்தபடி திருப்பிக்கொண்டாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. வண்டி கொட்டகையை விட்டுப் பின்னோக்கி வந்து, வாசலைத் தாண்டிச் சாலையில் ஏறியது.

சத்தம் கேட்டு டெல்மர் தன் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். வெயில் வண்டியின் கண்ணாடியில் பட்டுத் தெறித்ததால் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டார்.

"சரியாயிடுச்சாடா?" என்று கத்தினார்.

ரைமோ தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினார்.

"வண்டி சரியாயிடுச்சு," என்றார். "இந்த வருஷம் ஒன் வாசல்ல பனி தள்ள ஐலா வருவா."

டெல்மர் பெரிதாகச் சிரித்தார். அப்புறம்தான் ரைமோ எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தார்.