ஊசி இல்லாத மெசின்

சக்கரத்தை உள்ளங்கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ம், இனி மிதிங்க" என்று சொல்லி, திரும்பியும் பார்க்காமல் தன் தையலுக்குப் போய்விடுவார் பாயிஸா தாத்தா. தாத்தா என்றதும் தாடியைத் தேடாதீர்கள். கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டை முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்குத்தான் அந்தப் பெயர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். உதட்டில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே ஊர்க்கதை முழுவதும் பேசுவார். விழுங்கிவிடப் போகிறாரே என்று நாம்தான் பதறவேண்டும்.

முன்னறையில் இரண்டு தையல் மெசின்கள். ஒன்று சோறு போடுவது. பள்ளிக்கூடச் சட்டை, கல்யாணச் சட்டை எல்லாம் அதில்தான். மற்றதில் ஊசியும் இல்லை, நூலும் இல்லை. நடுங்கும் விரலில் ஏறிவிடும் என்று தாத்தாவே ஊசியைக் கழற்றிவிட்டார். அதை மிதிப்பதற்கென்றே தெருப் பெண்கள் வருகிறார்கள். "தாத்தா, கொஞ்சம் மிதிச்சிட்டுப் போறேன்" என்பார்கள். மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் டீச்சரான நானும் மிதித்திருக்கிறேன். இதில் வெட்கமென்ன? கண்டியில் குண்டு வெடித்த நாளிலிருந்து ஊர்ப் பாலத்தடியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்குகிறார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயரைக் கண்டதும் ஒரு பார்வை பார்ப்பார்களே, அதற்குப் பிறகு யாருக்குச் சோறு இறங்கும்?

மிதிப்பதென்றால் லேசு என்று நினைக்கக்கூடாது. பயந்த கால் படபடவென்று அடிக்கும். சக்கரம் எதிர்ப்பக்கமாகச் சுழன்று சட்டென்று நின்றுவிடும். தாத்தா எழுந்து வந்து, மறுபடி கையால் தொடக்கிவிடுவார். "குதிக்கால், விரல். குதி, விரல். மெதுவா, ஆறுதலா. தொடக்கித் தாரது தான் என்ட வேல. மிச்சம் ஒங்கட கால்ல ஈக்கி." கொஞ்ச நேரத்தில் சத்தம் சீராகும். மூச்சு எப்போது அந்தச் சத்தத்தோடு சேர்ந்தது என்று நமக்கே தெரியாது. சிலருக்கு அழுகை வரும். தாத்தா ஆறுதல் சொல்லமாட்டார். வெட்டிய துணித் துண்டு ஒன்றை எடுத்து மடியில் போடுவார், மூக்கைத் துடைக்க.

இதை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் பக்கத்துத் தமிழ்க்கடை எரிந்ததை ஜன்னல் இடுக்கால் பார்த்தவர். அதன் பிறகு ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லையாம், கை அப்படி உதறியதாம். நூலை விட்டெறிந்துவிட்டு வெறும் மெசினை மிதித்திருக்கிறார். "பயம் வந்தா மொதல்ல கால் தான் ஓடச் செல்லும், டீச்சர். ஓட எடமில்லாட்டி அது எங்க போற? நெஞ்சுக்குத்தான் ஏறும். இங்க உக்காந்து ஓடி முடிங்கோ." இப்போதும் மிதிப்பீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "எனக்கேன் புள்ள? எனக்கு இனிப் பயமில்ல" என்றார், குண்டூசிகளுக்கு நடுவே சிரித்தபடி.

நாள் தவறாமல் வருகிறவர் இராசமணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி, கண்டியில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. அவருடைய தொல்லை விசித்திரமானது: பயம் என்று கூடச் சொல்லமாட்டார், நடுக்கம் என்பார். போன மாதம் பாலத்தடியில் அட்டையை நீட்டிய கை நடுங்கியதைக் கண்டு, ஒளிக்க ஏதோ இருக்கிறது என்று பொலிசுக்குக் கொண்டுபோய்ப் பொழுதுசாயும்வரை இருத்திவிட்டார்கள். "இன்னொருக்கா நடுங்கினா விடமாட்டாங்கள் தாத்தா. நடுங்கக்கூடாது எண்டு நினைக்க நினைக்கத்தான் கூட நடுங்குது" என்று அழுதார். அன்றிலிருந்து காலையில் பஸ்ஸுக்கு முன்னும் மாலையில் பஸ்ஸுக்குப் பின்னும் மிதிக்கிறார். இந்த மாதம் பாலத்தைத் தடையில்லாமல் கடக்கிறார்.

போன சனிக்கிழமை பாலம் இங்கேயே வந்துவிட்டது. காலையில் தெருவை வளைத்து வீடு வீடாகச் சோதித்தார்கள். இராசமணி அக்கா மெசினில் இருந்தார், நான் வாசற்படியில். நான்கு இராணுவத்தினர் உள்ளே வந்தார்கள். தையற்காரர்கள் காட்டிலிருந்து சண்டை பிடிக்கும் 'அவர்களுக்கு' உடுப்புத் தைத்துக் கொடுக்கிறார்கள் என்று இப்போது ஒரு கதை உலாவுகிறது. அதிகாரி மெசினைக் குனிந்து பார்த்தான். ஊசி இல்லை, துணி இல்லை, ஒருத்தி மட்டும் இருக்கிறாள்.

"மொனவத மஹன்னே?" என்ன தைக்கிறாய் என்கிறான்.

இராசமணி அக்கா அட்டையை நீட்டினார். ஐயோ, அந்தக் கை! அட்டை காற்றில் படபடத்தது. பிறந்த இடத்தை வாசித்தவன், தைத்ததை எங்கே ஒளித்தாய் என்று குரலை உயர்த்தினான். துணிக்கட்டுகளை மற்றவர்கள் உதறிக் கொட்டினார்கள். முடிந்தது, கொண்டுபோகப் போகிறார்கள் என்று நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

பாயிஸா தாத்தா உதட்டிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் கையில் குத்தினார். பிறகுதான் வாயைத் திறந்தார்.

"பயட்ட, மாத்தயா." பயத்துக்காக, ஐயா.

குற்றம் செய்தவளுக்குத்தானே பயம் என்றான் அவன். தாத்தா நல்ல சிங்களத்தில் சொன்னார்: "துவக்கு உங்கள் கையில் இருக்கிறது. பயப்படாமல் அவள் என்ன செய்வாள்?" நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். தாத்தாவோ அவனைத் தாண்டிப் போய்ச் சக்கரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"மிதிங்க, இராசமணி."

சக்கரம் எதிர்ப்பக்கம் சுழன்று நின்றது. தாத்தா மறுபடி சுற்றிவிட்டார். குதி, விரல். குதி, விரல். மெசின் பலகையில் கிடந்த அக்காவின் விரல்கள் மெல்ல மெல்ல அடங்கின. அதிகாரி அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன நினைத்தானோ, யாருக்குத் தெரியும். தெருவில் அவர்களைக் கூப்பிடும் விசில் கேட்டது. அட்டையைப் பலகையில் வைத்துவிட்டு வெளியேறினான், மற்றவர்களும் போனார்கள்.

தாத்தா பகலில் ஒருபோதும் மூடாத முன்கதவை மூடினார். கொட்டிக்கிடந்த துணிகளைத் தாண்டி வந்து நின்றார்.

"இராசமணி, கொஞ்சம் எழும்புங்க."

அக்கா எழுந்தார். தாத்தா உட்கார்ந்து இரண்டு கால்களையும் மிதியில் வைத்தார். சக்கரத்தைச் சுற்றக் கையை உயர்த்தினார். கை சக்கரத்தில் நிற்கவில்லை, வழுக்கி வழுக்கி விழுந்தது. சட்டைக் கையிலிருந்த குண்டூசிகள் எல்லாம் நடுங்கின.

இராசமணி அக்கா குனிந்து, அந்தக் கையை எடுத்துத் தாத்தாவின் மடியில் வைத்தார். பிறகு தன் உள்ளங்கையால் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.