முகவரியின் நடுவில் இருந்த சொல்

சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தவற்றில் பயிற்சிப் பட்டறைகளைப் போல நான் வெறுத்தது வேறில்லை. மூன்று நாள் குளிர் அறையில் உட்கார்ந்து எழும்பியவன் எல்லாம் தெரிந்தவனாகி வந்தான். பள்ளிவாசல் சங்கத்தின் செயலாளரும் அப்படித்தான் வந்தார். போகும்போது வெறும் ஹாஜியார். வரும்போது கையில் சான்றிதழ், தோளில் கோப்புப் பை, வாயில் வலைப்பூ.

கல்முனையில் ஓர் இன்டர்நெட் கடையில் தமிழ் தட்டிக்கொண்டிருந்த என்னைப் பிடித்து, சங்கத்துக்கு ஒரு வலைப்பூ செய்யச் சொன்னார். செய்தேன். ஒவ்வொரு பதிவின் முகவரியிலும் சங்கத்தின் பெயருக்கும் தலைப்புக்கும் நடுவே அந்தப் பதிவின் வகை வரவேண்டும் என்றார். செய்தி, நிவாரணம், இறந்தவர்களுக்கு மௌத்தானோர், காணாமல் போனோர் என்று அவரே வகை பிரித்தும் வைத்திருந்தார்.

"ஹாஜியார், வகைய முகவரிக்குள்ள போடாதீங்க. நாளைக்கு வகைய மாத்தினா முகவரியும் மாறிடும். பழைய முகவரிய வெச்சிரிக்கிறவனுக்குப் பக்கம் வராது" என்றேன்.

"கதவுல இன்ன ஆபீஸ் எண்டு பேர் இல்லாத கந்தோருக்குள்ள ஆரு தம்பி போவான்?" என்று கேட்டுவிட்டு, சுற்றி இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். அவர்களும் சிரித்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு இருந்த ஒரே வேலை அது.

உடல் கிடைக்காத ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் போட்டோம். படம், வயது, அன்று காலை உடுத்திருந்த சாரத்தின் நிறம். கரைவலை இழுக்கப் போய்த் திரும்பாத ஒருவரின் மனைவி என் கடைக்கு வந்தார். நான் அவரைச் சாச்சி என்று கூப்பிடுவேன். எழுத்து வாசனை இல்லாதவர். புருஷனுடைய பக்கத்தின் முகவரியை ஒரு துண்டில் எழுதித் தரச் சொன்னார்.

"இதுல காணாமப் போனவர் எண்டு இரிக்கா மகன்?"

"ஓம் சாச்சி. நடுவுல இரிக்கு." இங்கிலீஷ் எழுத்தில் இருந்த அந்தச் சொல்லை விரலால் தொட்டுக் காட்டினேன்.

அந்தத் துண்டைப் பார்த்து எழுத்துகளைப் படம் போல வரைந்து வரைந்து, வெளிநாட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும் கொடுத்தனுப்பினார். கத்தாருக்குப் போன தன் தம்பியிடம் முதலில் கொடுத்தார். புருஷன் திருக்கோவில் ஊர்ப் பக்கம் கரை ஒதுங்கி, தலையில் அடிபட்டு, பெயர் மறந்து எங்காவது இருந்தால், படத்தைக் காண்கிற யாராவது சொல்லமாட்டார்களா? அவர் இத்தா இருக்கவில்லை. புருஷன் மௌத்தானால் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருக்கவேண்டும். மௌத்து என்று யாரும் சொல்லாதபோது எதற்கு இருப்பது? கோழிக்குத் தீனி போட்டார், பாய் இழைத்து விற்றார், நிறச் சேலை உடுத்தார். இதைப் பற்றி வாய் கூசாமல் கதைத்தவர்களை எனக்குத் தெரியும். முன் வரிசையில் தொழுகிறவர்கள்.

நாலரை வருடம் அப்படியே போனது. யுத்தம் முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அந்தக் கிழமையே ஹாஜியார் வியர்த்து வழிந்துகொண்டு கடைக்கு ஓடி வந்தார்.

"தம்பி, அந்தக் காணாமல் போனோர் எண்ட சொல்ல முகவரியில இரிந்து எடுங்க. இப்ப அது வடக்காக்கள் கேக்கிற சொல். நாமளும் அதை வெச்சிக்கிட்டிரிந்தா நம்மளத்தான் ஆமிக்காரனுகள் தேடி வருவானுகள்."

"அப்ப எதுக்குள்ள போட?"

"மௌத்தானோருக்குள்ள போடுங்க. எத்தின வருஷம் போயிட்டு!"

வடக்கில் யுத்தத்தில் தொலைந்த பிள்ளைகளைத் தேடித் தாய்மார் வாய்விட்டு அழுத சொல் அது. அதைக் கேட்டதும் எங்கள் சங்கத்துக்கு வந்தது இரக்கமில்லை, பேதி. ஒருவரை மௌத்து என்று சொல்ல மார்க்கத்தில் வழி இருக்கிறது. காதி நீதிபதி விசாரிக்க வேண்டும், மௌலவியிடம் கேட்க வேண்டும், பொறுக்க வேண்டிய காலம் பொறுக்க வேண்டும். ஹாஜியார் ஒருவரிடமும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. எல்லாப் பதிவுகளையும் ஒன்றாகத் தெரிவு செய்தேன், பட்டியலில் அதற்கு மேலே இருந்த வகையை அழுத்தினேன். ஒரு தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஹாஜியாரை நான் கோழை என்கிறேனே, அழுத்திய விரல் என்னுடையது.

பத்து நாள் கழித்துச் சாச்சி வந்தார். தம்பி கத்தாரிலிருந்து கோல் எடுத்துப் பக்கம் இல்லை என்று சொன்னானாம்.

"இரிக்கு சாச்சி" என்று திறந்து காட்டினேன். படத்தைக் கண்டதும் முகம் தெளிந்தது. பிறகு மடித்து மடித்துக் கிழியப் பார்த்த அந்தத் துண்டை எடுத்துத் திரையின் மேல் வரியோடு வைத்து எழுத்து எழுத்தாய்ப் பார்த்தார். வாசிக்கத் தெரியாதவர்தான். ஆனால் நாலரை வருடம் பார்த்த சொல்லின் உருவம் அவருக்குத் தெரியும்.

"நடுவுல வேற என்னமோ இரிக்கு. என்ன மகன் அது?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் எனக்குத் தைரியம் இல்லை.

"மௌத்தானோர்."

கத்துவார், என்னை ஏசுவார் என்று இருந்தேன். ஏசவில்லை. "பள்ளிவாசல் எழுதினதா?" என்று மட்டும் கேட்டார்.

சங்கம் எழுதியதுதானே. "ஓம்" என்றேன்.

அன்று அசர் தொழுகைக்குப் பிறகு அவர் வீட்டு வாசலில் துணி கட்டி மறைத்துவிட்டார்கள். சாச்சி வெள்ளை உடுத்து இத்தாவுக்கு உட்கார்ந்துவிட்டார். சேதி கேட்ட ஹாஜியார், "அல்ஹம்துலில்லாஹ், இப்பதான் அந்தப் புள்ளைக்கு மார்க்கம் விளங்கியிரிக்கு" என்றார். அந்த மனிதனுக்கு இன்றுவரை நான் சலாம் சொல்லவில்லை.

அவரிடம் கேட்காமலே முகவரியிலிருந்து வகைகளை அடியோடு எடுத்தேன். காணாமல் போனவர்களைப் பழைய இடத்தில் திருப்பிப் போட்டேன். பழைய முகவரியை அடித்தாலும் பக்கம் வரும்படி செய்தேன். பெரிய சாதனை செய்தவன் போல அதைச் சொல்ல ஓடினேன். மறைப்புத் துணிக்கு வெளியே நின்று, "சாச்சி, திருப்பி மாத்திட்டன், இப்ப மௌத்து எண்டு இல்ல" என்றேன்.

உள்ளிருந்து சாச்சியின் குரல் வந்தது.

"இனி ஒண்டையும் மாத்தாத மகன். நான் மனசால நிய்யத்து வெச்சிட்டன். நீ இண்டைக்கு அவர உசிராக்குவ. நாளைக்கு உங்கட ஹாஜியார் வந்து திரும்ப மௌத்தாக்குவார். ரெண்டாந்தரமும் இத்தா இரிக்க என்னால ஏலா."