இடப்பக்கம் வராத வெளிச்சம்

எங்க டிரைவர் அண்ணனுக்கு ஒரு கர்வம் உண்டு. இருபத்தாறு வருஷமா பஸ் ஓட்டுறார், வண்டியில ஒரு கீறல் கிடையாது. வருஷா வருஷம் கண் பரிசோதனையில கடைசி வரிப் பொடி எழுத்தைக் கடகடன்னு வாசிச்சிட்டு வந்து, டிப்போ ஓய்வறையில இருக்கிறவங்க காதை ஒரு வாரம் அறுப்பார். ஒன்பது வருஷமா அவர் வண்டிக்கு நான்தான் கண்டக்டர். எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம்.

போன வாரம் அவர் போன்ல அவர் மக ஒரு ஆப் போட்டுக் கொடுத்திருக்கா. ஓரப்பார்வையைப் பழக்குற ஆப்பாம். போனை முகத்துக்குக் கிட்ட வச்சு, நடுவுல இருக்கிற புள்ளியையே பார்க்கணும். ஓரத்துல எங்கயாவது வெளிச்சம் மினுங்கினா தட்டணும். அவ்வளவுதான். இன்னைக்கு வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி பஸ் ஸ்டாண்ட் கேன்டீன்ல எல்லாரும் ஆடிப் பார்த்தோம். கேன்டீன் அக்கா நூத்துக்கு எண்பத்தெட்டு வாங்கினாங்க. நான் எண்பத்திநாலு. நம்ம கீறல் விழாத டிரைவர் நாப்பத்தொண்ணு.

"இது ஏமாத்து வேலை தங்கச்சி. வலப்பக்கம் மட்டும்தான் வெளிச்சம் விடுறான்" என்றார்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று சொல்லிட்டு, அவர் தோளுக்குப் பின்னால நின்னு எட்டிப் பார்த்தேன்.

இடப்பக்கமும் வெளிச்சம் வந்துக்கிட்டுதான் இருந்தது. மேல, கீழ, ஒண்ணு மாத்தி ஒண்ணு. அவர் புள்ளியைவிட்டுக் கண்ணை எடுக்காம, "பாத்தியா, ஒண்ணுமே வரல" என்றார். என்னைக் கிண்டல் பண்றார்னுதான் முதல்ல நினைச்சேன்.

எதிர்ல போய் உட்கார்ந்தேன். என் மூக்கையே பார்க்கச் சொல்லி, அவருக்கு இடப்பக்கமா கையை நீட்டி மூணு விரல் காட்டினேன். எத்தனைன்னு கேட்டேன்.

"முதல்ல கையைத் தூக்கு" என்றார்.

என் கை நீட்டினபடியேதான் இருந்தது. இவ்வளவு நாள் இந்த மனுஷன் எப்படி ஓட்டினார்? யோசிச்சா, நான்தான். படிக்கட்டுல நின்னுக்கிட்டு நாள் பூரா, "இடது சைக்கிள், இடது ஆள் வர்றாங்க"ன்னு கத்துறது என் பழக்கம். உன் வாய்க்கு ஓய்வே கிடையாதான்னு அவர் திட்டுவார். திட்டிக்கிட்டே நான் சொன்னபடி ஸ்டீயரிங்கை ஒடிப்பார். அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல.

அவருக்கு இப்ப புரிஞ்சிடுச்சு. போனைக் கவுத்து வச்சார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. ரெண்டே வருஷம் சர்வீஸ் பாக்கி. மக படிப்பு முடியட்டும். நீ எப்பவும் போல குரல் கொடு, போதும்."

எழுந்து போய் டிரைவர் சீட்டுல உட்கார்ந்துட்டார். வண்டி நிறைய ஆள். நான் படிக்கட்டுல ஏறி நின்னேன். என்ஜினைப் போட்டுட்டு, "போலாமா?"ன்னு கேட்டார். ஒரு அம்மா கைக்குழந்தையோட பஸ்ஸோட இடப்பக்கம் ஒட்டி நடந்து வந்துக்கிட்டிருந்தாங்க. 'இடது'ங்கிறது என் வாய் வரைக்கும் வந்தது. அப்புறம் பயணிங்க பக்கம் திரும்பி, "எல்லாரும் இறங்குங்க, இந்த வண்டி போகாது"ன்னு சொன்னேன்.

முணுமுணுத்துக்கிட்டே இறங்கினாங்க. அவர் சண்டைக்கு வருவார்னு பயந்துக்கிட்டே நின்னேன். வரல. என்ஜினை அணைச்சிட்டு, தலையை முழுசா இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, போன மாசம் நீ காய்ச்சல்ல பத்து நாள் வரலையே" என்றார். "அப்ப வந்த கண்டக்டர் வாயே திறக்காத ஆளு. அந்தப் பத்து நாள் இடப்பக்கம் யார் வந்தாங்க, யாருக்கு என்ன ஆச்சுன்னே எனக்குத் தெரியாது."